யாருடைய போர்? புணே வகுப்பறைகளும் 1817–18ம்

புணேயில் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் கணேஷ்கிண்டிலிருந்து கட்கி வரைக்கும் உள்ள நிலம் ஒரு காலத்தில் போர்க்களம். 1817 நவம்பர் 5ஆம் தேதி பிற்பகலில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் அங்கே மோதின. அடுத்த ஏழு மாதங்களுக்குள் மராத்தியர்களின் பேஷ்வா ஆட்சி முடிந்துபோனது. இந்தியத் துணைக்கண்டத்தில் கம்பெனியை எதிர்த்து நிற்கக்கூடிய பெரிய அரசு என்று மீதியிருந்தது பஞ்சாப் மட்டும்தான். இத்தனை பெரிய திருப்பம் நிகழ்ந்த மண்ணின் மீதுதான் இன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் கல்லூரிக்கும் டியூஷனுக்கும் போய்வருகிறார்கள்.

பள்ளி வரலாற்றில் இந்தப் போருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. முதல், இரண்டாம், மூன்றாம் ஆங்கிலேய–மராத்தியப் போர்கள் என்று ஆண்டுகளும் உடன்படிக்கைகளும் வரிசையாக வரும். மாணவர் மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிடுவார். விடுதலைப் போர் என்ற உணர்வோடு பாடம் தொடங்குவது 1857இல்தான். அங்கே ஜான்சி ராணி, நானா சாகிப், தாத்யா தோபே என்று முகங்கள் வருகின்றன. நானா சாகிப், புணேயிலிருந்து நாடு கடத்தப்பட்ட அதே பாஜிராவின் தத்துப்பிள்ளை. ஆனால் தந்தை தோற்ற போரை வேகமாகக் கடந்துவிட்டு மகன் தோற்ற போருக்குப் போய்விடுகிறோம்.

இதற்குக் காரணம் ஆசிரியர்களின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. 1817–18ஐச் சொல்லப் புகுந்தால் ‘நாம்’ என்று யாரைச் சொல்வது என்ற கேள்வி முதல் பத்தியிலேயே எழுந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பயந்து ஒதுங்குவதைவிட, அதையே பாடமாக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை முன்வைக்க விரும்புவது.

கட்கிப் போரிலேயே தொடங்கலாம். கம்பெனியின் பக்கம் சுமார் 2,800 பேர் நின்றார்கள். அவர்களில் ஐரோப்பியர் ஏறக்குறைய 800 பேர். மீதி அத்தனை பேரும் இந்தியச் சிப்பாய்கள். எதிரில் 18,000 குதிரை வீரர்கள், 8,000 காலாட்கள், 14 பீரங்கிகள். பார்வதி குன்றின் மேலிருந்து பேஷ்வா பார்த்துக்கொண்டிருந்தார். களத்தில் படையை நடத்தியவர் பாபு கோகலே. குதிரைப்படையின் பெரும் பாய்ச்சல், கம்பெனி வரிசைக்கு முன்னால் யாரும் எதிர்பாராமல் கிடந்த சேற்று நிலத்தில் சிக்கிச் சிதறியது. இருட்டுவதற்குள் சண்டை முடிந்தது. கம்பெனி பக்கம் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் 86 பேர். மராத்தியர் பக்கம் சுமார் 500 பேர். முளா, முட்டா ஆறுகள் கூடும் சங்கத்தில் இருந்த ரெசிடென்ட் எல்பின்ஸ்டனின் மாளிகையை, அவர் வெளியேறிய கையோடு பேஷ்வாவின் ஆட்கள் கொளுத்தினார்கள். அவருடைய நூலகமும் அதோடு எரிந்தது. நவம்பர் 17ஆம் தேதி பேஷ்வாவின் அரண்மனையான சனிவார் வாடாவின் மேல் கம்பெனியின் கொடி ஏறியது.

இந்தச் சுருக்கத்தில் தவறில்லை. ஆனால் அன்று பிற்பகல் தாபோடியிலிருந்து வந்து கம்பெனியின் வரிசையோடு சேர்ந்துகொண்ட ஒரு படைப்பிரிவைப் பற்றி மாணவர்களுக்குச் சொன்னால்தான் பாடம் உயிர் பெறும். அந்தப் பிரிவு பேஷ்வாவின் பெயரால், பேஷ்வாவின் கஜானாப் பணத்தில் திரட்டப்பட்டது. அதற்குப் பயிற்சி கொடுத்துத் தலைமை தாங்கியவர் ஃபோர்டு என்ற ஆங்கிலேய அதிகாரி. சண்டை என்று வந்தபோது சம்பளம் கொடுத்தவருக்கு எதிராக அது அணிவகுத்தது. பேஷ்வாவின் சர்தார்களில் ஒருவரான மோரோ தீட்சித், ஃபோர்டுக்கு நெருங்கிய நண்பர். போர் நிச்சயம் என்று தெரிந்ததும் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: யார் பக்கம் வென்றாலும், வென்றவர் மற்றவருடைய குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். அன்றைக்கு மோரோ தீட்சித்தின் உயிரைக் குடித்தது ஃபோர்டின் பிரிவோடு இருந்த பீரங்கியிலிருந்து வந்த குண்டு.

பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டு, “ஃபோர்டின் படையிலிருந்த இந்தியச் சிப்பாய் துரோகியா?” என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். அவர் யாரிடம் சேர்ந்தார், மாதச் சம்பளம் ஒழுங்காக வந்ததா, அவருடைய ஊர் யாருடைய ஆட்சியில் இருந்தது, ‘நாடு’ என்பது அன்று அவருக்கு எதைக் குறித்திருக்கும் என்றெல்லாம் பேசாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பது பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

தீட்சித், ஃபோர்டு கதை நமக்கு எப்படித் தெரியவந்தது என்பது அடுத்த பாடம். அதை எழுதிவைத்தவர் ஜேம்ஸ் கிராண்ட் டஃப். கட்கிக் களத்தை நேரில் பார்த்த கம்பெனி அதிகாரி. பின்பு சாத்தாராவில் ரெசிடென்டாக இருந்தவர். 1826இல் மூன்று தொகுதிகளாக மராத்தியர் வரலாற்றை வெளியிட்டார். மேலே நான் தந்த படை எண்ணிக்கைகளும் வென்ற தரப்பின் பதிவுகளிலிருந்து வந்தவைதான். வென்றவர் தன் படையைச் சிறிதாகவும் எதிரியின் படையைப் பெரிதாகவும் சொல்வது எந்தக் காலத்திலும் நடப்பதுதான். ஆகவே அந்த எண்களைச் சந்தேகத்தோடு படிக்கப் பழக்குவதும் வரலாற்று ஆசிரியரின் வேலை. அதே சமயம், கிராண்ட் டஃபை வெறும் கம்பெனியின் ஊதுகுழல் என்று ஒதுக்கவும் முடியாது. மராத்திய ஆவணங்களைத் தேடிச் சேர்த்து, படித்து எழுதியவர் அவர். எதிரி தரப்பில் இருந்த ஒருவருக்கு நேர்ந்த சாவைப் பதிவு செய்யும் அளவுக்கு அவருக்கு மனம் இருந்தது.

அவருடைய நூல் சில ஆண்டுகளிலேயே மராத்தியில் மொழிபெயர்க்கப்பட்டுப் பள்ளிகளுக்குப் போனது. புணேப் பிள்ளைகள் தங்கள் தாத்தாக்கள் தோற்ற கதையை, தோற்கடித்தவர் எழுதியபடியே படித்தார்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் இப்படிப் போன பிறகு, 1860களின் கடைசியில், மாணவப் பருவத்திலிருந்த நீலகண்ட ஜனார்தன் கீர்த்தனே என்ற இளைஞர் அந்த நூலின் மீது ஒரு விமர்சனம் எழுதினார். கிராண்ட் டஃப் எந்த ஆதாரங்களைப் பார்த்தார், எவற்றைப் பார்க்கவில்லை, எங்கே பொருள் பிசகினார் என்று கேட்டார். பாடப்புத்தகத்தை ஒரு மாணவர் எதிர்த்துக் கேட்டதிலிருந்து மராத்திய வரலாற்றியலின் ஒரு பெரிய மரபு கிளைத்தது என்பதைப் புணேயின் எல்லாப் பள்ளிகளிலும் சொல்ல வேண்டும். அதற்குப் பின் வந்தவர் வி. கா. ராஜ்வாடே. கிராமம் கிராமமாக அலைந்து, பழைய வாடாக்களின் பரண்களிலிருந்து கடிதங்களைச் சேகரித்து, 1898 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டார். 1910இல் அவரும் கா. சி. மெஹெந்தளேயும் சேர்ந்து பாரத் இதிஹாஸ் சன்ஷோதக் மண்டலத்தைப் புணேயில் தொடங்கினார்கள். அரசிடம் இருந்த பேஷ்வா தஃப்தர் ஆவணங்களிலிருந்து கோ. ச. சர்தேசாய் 1930களின் முற்பகுதியில் 45 தொகுதிகளைப் பதிப்பித்தார். அந்த ஆவணங்கள் இன்றும் புணேயில்தான் இருக்கின்றன. ‘ருமால்’ என்று சொல்லப்படும் துணி மூட்டைகளில், ‘மோடி’ என்ற பழைய மராத்தி எழுத்தில்.

மரபு பெரியதுதான். ஆனால் கிராண்ட் டஃபைத் திருத்தப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே சமூக வட்டத்திலிருந்து வந்தவர்கள். பேஷ்வாக்களின் வீழ்ச்சி அவர்களுடைய வீட்டில் துக்கமாக நினைக்கப்பட்டது. அதே நகரத்தின் வேறு தெருக்களில் அது எப்படி நினைக்கப்பட்டது?

புணேயில் ஒரு விசித்திரம் உண்டு: போர் முடிந்த கையோடு அதன் வரலாறு பள்ளிக்கூடங்களுக்குள் குடியேறிவிட்டது. 1821இல் எல்பின்ஸ்டனின் ஆதரவோடு ஒரு சமஸ்கிருதப் பாடசாலை திறக்கப்பட்டது. இடம், பாஜிராவ் தனக்காகக் கட்டிக்கொண்ட விஸ்ராம்பாக் வாடா. செலவுக்கு, பேஷ்வாக்கள் பிராமணர்களுக்கு வழங்கிவந்த தட்சிணைப் பணம். தோற்ற அரசனின் மாளிகையில், அவனுடைய தர்மப் பணத்தைக் கொண்டு, வென்றவர்கள் பள்ளி நடத்தினார்கள். அதிகாரம் இழந்த பிராமணக் குடும்பங்கள் தங்களுக்கு எதிராகத் திரும்பிவிடக் கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. காலனிய ஆட்சி எப்படித் தன்னை நிலைநிறுத்திக்கொண்டது என்று விளக்க, இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், பிடே வாடாவில், 1848இல் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அவர்களுடைய பள்ளிகளில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, சுமார் 14 வயதில் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றிய அந்தக் கட்டுரையில் பேஷ்வா காலம் வருகிறது. உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் நடந்துபோன தீண்டத்தகாதவரின் தலையை வெட்டி, வாளை மட்டையாக்கி அதைப் பந்தாடினார்கள் என்று எழுதுகிறாள். பெரிய மாளிகைகளின் அஸ்திவாரத்தில் தம் மக்களைப் புதைத்ததையும் சொல்கிறாள். எழுதப் படிக்கத் தங்களுக்கு இருந்த தடையைப் பேசுகிறாள். அந்த ஆட்சி போனதில் அவளுக்கு ஆறுதல்தான். ஆங்கிலேயர் வந்த பிறகே மூச்சு விட முடிந்தது என்பதே அந்தக் கட்டுரையின் உணர்வு.

முக்தா பிறப்பதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பேஷ்வா ஆட்சி முடிந்துவிட்டது. ஆகவே அவள் எழுதியது தன் குடும்பத்தில் கேட்ட நினைவு. கேட்ட நினைவை நேரில் கண்ட சாட்சியத்தைப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்ட நினைவுதானே என்று தள்ளிவிடவும் கூடாது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி வளர்த்தது என்பதே உறுதியான வரலாற்றுச் செய்தி. கிராண்ட் டஃபின் எண்களைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட மாணவர், முக்தாவின் வரிகளையும் அதே கவனத்தோடு, அதே மரியாதையோடு படிக்கலாம். ஒருவருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு இன்னொரு நியாயம் என்று இருக்கக் கூடாது. இதை ஆசிரியர்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த இடத்திலிருந்துதான் பீமா கோரேகானுக்குப் போக வேண்டும். நேராக அங்கே போய் நின்றால் கூச்சல்தான் மிஞ்சும்.

1817 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, ஷிரூரிலிருந்து கேப்டன் ஸ்டான்டன் புறப்பட்டார். புணேயிலிருக்கும் கம்பெனிப் படைக்குத் துணையாகப் போவது நோக்கம். அவரிடம் பம்பாய்ச் சிப்பாய்ப் படையின் ஒரு பிரிவில் சுமார் 500 பேர், சில நூறு குதிரை வீரர்கள், இரண்டு பீரங்கிகளோடு சென்னைப் பீரங்கிப் படையினர். எல்லாமாக 834 பேர். இரவெல்லாம் நடந்து, மறுநாள் காலை பீமா நதியை நெருங்கியபோது பேஷ்வாவின் படை கண்ணில் பட்டது. 20,000 குதிரைகளும் 8,000 காலாட்களும் இருந்ததாகக் கம்பெனிக் கணக்கு; ஊருக்குள் புகுந்து சண்டையிட்டவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான். அவர்களில் அரேபியக் கூலிப்படையினர் பெரும் பங்கு வகித்தார்கள். ஸ்டான்டனின் ஆட்கள் கோரேகான் ஊருக்குள் மண் சுவர்களுக்குப் பின்னால் பதுங்கி, நாள் முழுக்கச் சோறும் தண்ணீரும் இல்லாமல் தாக்குப்பிடித்தார்கள். ஆறு கண்ணெதிரே ஓடியும் அதை அணுக முடியவில்லை. இருட்டிய பிறகே தண்ணீர் கிடைத்தது. 275 பேர் இறந்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். பின்னால் கம்பெனியின் ஜெனரல் ஸ்மித்தின் பெரிய படை வருவதை அறிந்திருந்த பேஷ்வா தெற்கே நகர்ந்தார். ஸ்டான்டனோ புணேக்குப் போகாமல் ஷிரூருக்கே திரும்பினார்.

ஊரை யாரும் பிடிக்கவில்லை. போக நினைத்த இடத்துக்கும் ஸ்டான்டன் போய்ச் சேரவில்லை. ஆனாலும் கம்பெனி அதைப் பெரும் வெற்றியாக அறிவித்தது. 1821இல் அடிக்கல் நாட்டி, ஒரு கல்தூணையும் எழுப்பியது. புணே–அகமதுநகர் சாலையில், ஆற்றின் புணேப் பக்கம், பேர்ணே எல்லையில் அது நிற்கிறது. தூணில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுத்துகள். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் படித்துக்கொண்டு போனால் ஒரு விகுதி திரும்பத் திரும்ப வருவது தெரியும்: ‘நாக்’. அது மகர் ஆண்களின் பெயர்களுக்கு உரிய முடிவு. பொறிக்கப்பட்ட 49 பெயர்களில் 22 பெயர்கள் அப்படி முடிகின்றன. மற்றவை மராத்தியர்கள், முஸ்லிம்கள், பிறர் ஆகியோருடையவை. ‘500 மகர்கள் மட்டுமே போரிட்டார்கள்’ என்பதும் சரியல்ல. ‘மகர்களுக்கு அங்கே பெரிய பங்கில்லை’ என்பதும் சரியல்ல. இரண்டையும் அந்தக் கல்லே மறுக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்த் தாங்களே எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும்.

கம்பெனி தன் வெற்றிக்காக நாட்டிய தூணின் பொருளை வேறு கைகள் மாற்றின. 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது. எந்த ராணுவத்துக்காக உயிரைக் கொடுத்தார்களோ, அதே ராணுவம் ‘போர்க்குணமுள்ள சாதிகள்’ என்ற புதிய கணக்கைக் காட்டிக் கதவைச் சாத்தியது. வேலைவாய்ப்பு மட்டும் போகவில்லை. படைவீரர்களின் பிள்ளைகளுக்கு இருந்த பள்ளியும் போனது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால், புணேயிலிருந்த ராணுவ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து, ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அத்தனை புத்தகங்கள் இருந்திருக்குமா? புணேயைச் சேர்ந்த சிவராம் ஜான்பா காம்ப்ளே, படைச் சேர்க்கையைத் திரும்பத் தொடங்கக் கோரி மனுக்கள் எழுதினார். கோரேகான் தூணருகே கூட்டங்கள் கூட்டினார். 1927 ஜனவரி 1ஆம் தேதி அம்பேத்கர் அங்கே வந்தார். அதன் பிறகு அது ஆண்டுதோறும் மக்கள் திரளும் இடமானது. 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானபோது அதன் சின்னத்தில் இந்தத் தூண் இடம்பெற்றது. சுதந்திரத்துக்குப் பின் அதை எடுத்துவிட்டுக் குத்துவாளை வைத்தார்கள்.

2018 ஜனவரி 1ஆம் தேதி, போரின் இருநூறாம் ஆண்டு நினைவு நாளில், அங்கே வன்முறை வெடித்து ஒரு இளைஞர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்த கைதுகளும் வழக்குகளும் நாடறிந்தவை. அந்த நாளுக்குப் பிறகு இந்தப் பாடத்தைத் தொட ஒரு ஆசிரியர் தயங்கினால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே பெஞ்சில், ஜனவரி 1ஆம் தேதி தூணுக்குக் குடும்பத்தோடு போய்வந்த பிள்ளையும், பேஷ்வாக்களின் பெருமையைக் கேட்டு வளர்ந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் நகரம் அது. ஆனால் பள்ளி பேசாமல் விட்டால் பிள்ளைகள் அதை வாட்ஸ்அப்பில் படித்துக்கொள்வார்கள். அங்கே 28,000 பேரை 500 பேர் வெட்டிச் சாய்த்த கதையும் கிடைக்கும், அப்படி ஒரு சண்டையே நடக்கவில்லை என்ற கதையும் கிடைக்கும்.

உலகில் வேறு நாடுகளும் இந்தச் சங்கடத்தில் சிக்கியிருக்கின்றன. 1954 முதல் 1962 வரை அல்ஜீரியா நடத்திய விடுதலைப் போரை, ‘போர்’ என்று சட்டப்படி ஒப்புக்கொள்ள பிரான்ஸுக்கு 1999 வரை பிடித்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சொந்த நாட்டவருக்கு எதிராகப் போரிட்ட ‘ஹர்கி’ அல்ஜீரியர்களின் பிள்ளைகளும், அவர்களை எதிர்த்தவர்களின் பிள்ளைகளும் இன்று பிரெஞ்சுப் பள்ளிகளில் சேர்ந்து படிக்கிறார்கள். ஹர்கிகளையும் கோரேகான் மகர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வறுமை, நிர்ப்பந்தம், பழைய பகை, சாதி என்று காரணங்கள் வெவ்வேறு. காலனியப் படையில் சேர்ந்தவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்காமல் காலனிய எதிர்ப்பைக் கற்பிக்க முடியாது என்பது மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

புணே மாணவர்களுக்கு முழு மனதோடு ‘விடுதலைப் போராளி’ என்று காட்டக்கூடிய ஒருவர் வாசுதேவ் பல்வந்த் பட்கே. அவர் விஷயத்திலும் பாடம் எளிதாக இல்லை என்பதுதான் அவருடைய சிறப்பு. 1845இல் பன்வேல் அருகே ஷிர்தோனில் பிறந்தவர். புணேயில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. ‘பூனா நேட்டிவ் இன்ஸ்டிடியூஷன்’ பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவர். பிற்காலத்தில் மகாராஷ்டிரா எஜுகேஷன் சொசைட்டியாக வளர்ந்தது அதுதான். 1876–78 பஞ்சத்தில் தக்காணக் கிராமங்கள் பட்டினி கிடந்ததைச் சுற்றிப் பார்த்தார். படித்தவர்களிடம் போய்ப் பேசிப் பயனில்லை என்று கண்டு, ராமோசிகளைத் திரட்டினார். ராமோசிகள் மராத்திய ஆட்சியில் கோட்டைக் காவலும் ஊர்க் காவலும் செய்து, கம்பெனி வந்த பின் பிழைப்பை இழந்தவர்கள். உமாஜி நாயக் தலைமையில் 1820களிலேயே கிளர்ந்தவர்கள். 1879 பிப்ரவரியில் பட்கேயின் முதல் கொள்ளை ஷிரூர் தாலுகாவின் தாமாரி கிராமத்தில் நடந்தது. கிடைத்தது சில நூறு ரூபாய்தான்.

தலைமறைவாக இருந்தபோது அவர் எழுதிய நாட்குறிப்பும் தன்வரலாறும் பிடிபட்டு, வழக்கில் அவருக்கு எதிரான சாட்சியங்களாயின. அவற்றில் பஞ்சம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, தன் படையினர் கொள்ளையில் காட்டிய ஆர்வத்தை நாட்டு வேலையில் காட்டவில்லை என்ற வருத்தமும் இருக்கிறது. தன்னைச் சூழ்ந்த ராமோசிகள் எதற்காகப் போரிட்டார்கள் என்பதை அவர் முழுதாகப் புரிந்துகொண்டாரா? அவர்களுடைய நாட்குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் எழுதப் படிக்கக் கற்றவர்கள் அல்ல. இந்த இடத்தில் ஆசிரியர் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1879 ஜூலையில் பீஜப்பூர்ப் பகுதியில் பட்கே பிடிபட்டார். புணேயில் விசாரணை, ஆயுள் தண்டனை, ஏடன் சிறை. 1883 பிப்ரவரி 17இல் அங்கேயே மரணம். அவர் தண்டிக்கப்பட்ட மறு ஆண்டின் தொடக்கத்தில், விஷ்ணுசாஸ்திரி சிப்லூண்கரும் திலகரும் புணேயில் நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கினார்கள். ஆயுதம் தோற்ற ஊரில் பள்ளியும் பத்திரிகையும் அடுத்த வழியாயின. அதே சிப்லூண்கர்தான் பூலேயின் எழுத்தைக் கடுமையாக இகழ்ந்தவர். தேசியக் கல்வி என்று புறப்பட்ட இடத்திலேயே யாருடைய வரலாறு உள்ளே, யாருடையது வெளியே என்ற பிரிவும் தொடங்கிவிட்டது.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் தொலைவூர்ச் செய்தியாகத் தோன்றலாம். அப்படியல்ல. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் கிளர்ந்த சிப்பாய்கள், சென்னைப் படையின் 1ஆம் ரெஜிமென்டின் முதல் பட்டாளத்தையும் 23ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளத்தையும் சேர்ந்தவர்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் அந்த எண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மிச்சமிருந்தவர்களைக் கொண்டு 24ஆம் எண்ணில் ஒரு பட்டாளம் அமைந்தது. 1817 நவம்பர் 26, 27 தேதிகளில், அதாவது கட்கிப் போர் நடந்து மூன்று வாரத்தில், நாகபுரிக்கு அருகே சீதாபல்தியில் போன்ஸ்லேயின் மராத்தியப் படையை எதிர்த்துக் கம்பெனிக்காக நின்றவர்களில் அந்தப் பட்டாளமும் ஒன்று. வென்ற பிறகு அவர்கள் கேட்ட பரிசு, வேலூரில் இழந்த தங்கள் பழைய எண்ணைத் திருப்பித் தருவது. கிடைத்தது.

வேலூரை ‘முதல் விடுதலைப் போர்’ என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்ல நியாயம் உண்டு. மருது சகோதரர்களின் 1801 திருச்சிப் பிரகடனத்தை வைத்துத் தென்னிந்தியக் கிளர்ச்சியே முதலாவது என்று வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் எழுதினார், அதற்கும் வலுவான ஆதாரங்கள் உண்டு. ஒடிசாவில் 1817 பைக்கா கிளர்ச்சியைச் சொல்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் ‘எங்களுடையதே முதல்’ என்று நிற்கும் இந்தப் போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை. வேலூரில் திப்புவின் கொடியை ஏற்றிய பட்டாளத்தின் வழிவந்தவர்கள் பதினோரு ஆண்டுகளில் சீதாபல்தியில் கம்பெனியின் கொடியை ஏன் காத்தார்கள்? இந்தக் கேள்வியை எந்தத் தமிழ் வகுப்பறையும் கேட்டு நான் அறியேன். கட்டபொம்மனை நம்மில் பலர் முதலில் அறிந்தது 1959இல் வந்த திரைப்படத்தில்தான். அதில் எட்டயபுரத்துக்குத் துரோகியின் வேடம் கிடைத்தது. கம்பெனியின் வரிசையில் நின்ற தமிழ்ச் சிப்பாய்க்கு ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை.

வகுப்பறையில் இதற்கு நிறைய நேரம் தேவையில்லை. எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பீரியட் போதும். மூன்று தாள்கள்: கட்கியைப் பற்றிக் கிராண்ட் டஃப் எழுதிய ஒரு பக்கம், முக்தா சால்வேயின் கட்டுரையிலிருந்து ஒரு பக்கம், கோரேகான் தூணின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் விடை தேட வேண்டியவை: யார் எழுதியது, சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு கழித்து, யார் படிப்பதற்காக, இதில் பேசாமல் விடப்பட்டவர் யார். பட்கேயின் நாட்குறிப்பு நான்காவது தாளாக இருந்தால் இன்னும் நல்லது. தேர்வில் ‘பீமா கோரேகான் போர் நடந்த ஆண்டு எது?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி வந்தால் இந்த உழைப்பு முழுக்க வீண். ‘அந்தப் போரில் வென்றது யார் என்று நீ கருதுகிறாய்? இரண்டு ஆதாரங்களைக் காட்டு’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்க வேண்டும். எந்தப் பதிலை எழுதினாலும், ஆதாரத்தைச் சரியாகக் கையாண்டிருந்தால் முழு மதிப்பெண் தர வேண்டும். இதில் ஆசிரியருக்குத் தலைமையாசிரியரின் துணையும், தலைமையாசிரியருக்குக் கல்வித் துறையின் துணையும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பெற்றோரின் புகார் வந்தவுடன் ஆசிரியரைத் தனியே விட்டுவிடும் ஏற்பாட்டில் யாரும் இந்தப் பாடத்தை எடுக்க மாட்டார்கள்.

மகாராஷ்டிர மாநிலத்தின் பாடநூல்களை 1967 முதல் உருவாக்கிவரும் பாலபாரதி இருப்பது புணேயில்தான். பேஷ்வா தஃப்தரின் மூட்டைகளும் அதே ஊரில், சில கிலோமீட்டர் தள்ளி. மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டும் வருகிறார்கள். 1817–18இல் எழுதப்பட்ட பத்துக் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, தேவநாகரிக்கு மாற்றி, எழுதியவர் யார், எந்த மூட்டையிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் பின்னிணைப்பாகச் சேர்ப்பதற்கு ஒரு கல்வியாண்டுக்கு மேல் ஆகாது.